பங்களாவும் லயமும்

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தர வேண்டுமென்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சோழன் கடாரம் கொண்டதையும் பரமேஸ்வரா மலாக்காவை அமைத்ததையும் முந்தைய மலர்களில் நல்ல முறையில் எழுதிவிட்டார்கள். ஆகவே இவ்வாண்டு நம் கண்ணுக்கு எட்டிய சரித்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமென எண்ணினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேட்டின் மேல் நிற்கும் துரை பங்களாவைத் தெரியாமல் இராது. அதைப் போன்ற பழைய தோட்ட மாளிகைகள் எப்படிக் காப்பாற்றப்படுகின்றன, யார் காப்பாற்றுகிறார்கள், அப்படிக் காப்பாற்றும்போது நம்மவர் கதை எங்கே போகிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிதி திரட்டும் விருந்து என்றால் என்னவென்று நம் பெற்றோர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். கூடுதல் வகுப்பறை வேண்டும். உடனே பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடும். மண்டபம் எடுப்பார்கள். மேசைக்குப் பத்துப் பேர், மேசைக்கு இத்தனை வெள்ளி என்று டிக்கெட் அச்சடிப்பார்கள். பிள்ளைகள் நடனம் ஆடும். பிரமுகர் ஒருவர் பெரிய அட்டையில் எழுதிய காசோலையை மேடையில் உயர்த்திப் பிடிப்பார். வெளிநாடுகளில் பழைய தோட்ட மாளிகைகளுக்கும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். வேறுபாடு என்னவென்றால், மண்டபம் எடுப்பதில்லை. எந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த வீட்டிலேயே விளக்கேற்றி, பழைய முதலாளி உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்திலேயே மேசை போட்டு விருந்து வைக்கிறார்கள். வந்தவர்கள் தூணையும் படிக்கட்டையும் பார்த்து மனமிளகிப் பணம் கொடுப்பார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது.

இந்த வழக்கத்திற்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது அமெரிக்காவில் உள்ள மவுண்ட் வெர்னன் மாளிகை. அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் தோட்ட வீடு அது. அவர் 1799-இல் காலமானார். அரை நூற்றாண்டு கழிந்தபோது முகப்புத் தூண்கள் உளுத்து, வீடு பாழடைந்து கிடந்தது. ஆற்றில் படகில் போன ஓர் அம்மையார் அதைப் பார்த்து வருந்தித் தம் மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமீலா கன்னிங்ஹாம், உடல்நலம் குன்றியவர். ஆனால் மனவலிமை படைத்தவர். 1853-இல் பெண்களைக் கொண்டே ஒரு சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சந்தா திரட்டினார். எட்வர்டு எவரெட் என்ற பேச்சாளர் நாடெங்கும் சொற்பொழிவாற்றி ஏறக்குறைய 69,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். 1858-இல் 200,000 டாலருக்கு வீட்டையும் நிலத்தையும் பேசி முடித்தார்கள். ஓட்டுப் போடும் உரிமை கூட இல்லாத காலத்தில் பெண்கள் செய்து காட்டிய காரியம் இது. நம் பள்ளி மாணவிகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த மாளிகையில் வாஷிங்டன் மட்டுமா இருந்தார்? அவர் காலமான ஆண்டில் அந்தத் தோட்டத்தில் 317 அடிமைகள் இருந்தனர். நிலத்தை உழுதது, கோதுமை அறுத்தது, அந்தத் தூண்களுக்கு வெள்ளை அடித்தது எல்லாம் அவர்கள். வீட்டைக் காப்பாற்றிய சங்கம் அவர்களுடைய புதைகுழிகள் இருந்த இடத்தில் ஒரு கல் நட்டது எப்போது தெரியுமா? 1929-இல். வீட்டை வாங்கி எழுபது வருடம் கழித்து. பிறகு 1983-இல்தான் ஒரு முறையான நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். தூணுக்கு முதல் பணம், ஆளுக்குக் கடைசிக் கல். இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. உலகத்தில் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று காட்டுவதற்காக எழுதுகிறேன்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதே ஆண்டில் மொரிஷியஸ் தீவுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். மலாயாவில் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு காப்பி, அதன் பிறகு ரப்பர். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியது இந்தக் காலத்திற்குள்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் அழிவின் விளிம்பு வரை போய் மீண்ட தோட்ட மாளிகை ஒன்று பினாங்கில் இருக்கிறது. ஆயர் ஈத்தாம் ஆற்றின் அருகே உள்ள சஃபோக் மாளிகை அது. பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டு பினாங்கில் வந்து இறங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடியை ஏற்றியதைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். காட்டை வெட்ட ஆட்களை ஊக்குவிப்பதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. காசு பறந்ததோ இல்லையோ, வெட்டுக்கத்தி பிடித்த கைகள் இருந்தது நிஜம்.

அந்த லைட் தமக்கென ஒரு மிளகுத் தோட்டம் போட்டு, தாம் பிறந்த இங்கிலாந்து மாவட்டத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1794-இல் மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். அவர் இருந்தது மரமும் அத்தாப்பும் கொண்ட வீடு. இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடத்தை எழுப்பியவர் பின்னாளில் பினாங்கின் கவர்னராக இருந்த வில்லியம் பிலிப்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அக்காலத்தில் சென்னையிலும் கல்கத்தாவிலும் கம்பெனித் துரைமார்கள் ஊருக்கு வெளியே கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் பாணி அது: உயர்ந்த கூரை, அகலமான தாழ்வாரம், காற்றை உள்ளே இழுக்கும் பெரிய சன்னல்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. லைட் தாம் இறந்த ஆண்டில் பினாங்கின் ஜனங்களைப் பற்றி மேலிடத்திற்கு எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் ஆயிரம் பேர் அளவில் இருந்ததாகச் சொல்கிறார். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமும் எல்லா வகைக் கூலி வேலையும் செய்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும், அவர்கள் இடத்திற்கு வேறு ஆட்கள் வருவதாகவும் எழுதுகிறார். ஆக, ரப்பர் மரம் மலாயாவுக்கு வருவதற்கு எண்பது தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே நம் கரையோரத்து ஆட்கள் இந்த மண்ணில் வேலை செய்திருக்கிறார்கள். கவர்னருடைய பெயர் இருக்கிறது, வீட்டின் பெயர் இருக்கிறது. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் பெயரையாவது நாம் சொல்ல முடியுமா?

மிளகு விலை வீழ்ந்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் சண்டை நடந்த காலம். சரக்கு வாங்க ஆளில்லை. மிளகுத் தோட்டங்கள் மறைந்தன, வீடு பல கை மாறிற்று. 1920-களின் இறுதியில் மெதடிஸ்ட் திருச்சபை அதை வாங்கிப் பள்ளிக்கூடமாக்கியது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கவர்னர் விருந்து வைத்த வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பிற்காலத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையும் பல் மருத்துவ அறையும் அங்கே இயங்கின. எத்தனை பிள்ளைகள் அந்தப் பெரிய தூணில் சாய்ந்துகொண்டு பல் பிடுங்கப்போகும் பயத்தில் அழுதிருப்பார்களோ! 1975-இல் கட்டடம் ஆபத்தானது என்று மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்தது கெட்ட காலம். கூரை விழுந்தது, சுவரில் மரம் முளைத்தது, உள்ளே மழை கொட்டியது.

பள்ளிக்கு மாற்று நிலம் கொடுத்து மாநில அரசாங்கம் அந்த வீட்டைப் பெற்றுக்கொண்டது. 1983-இல் தொடங்கப்பட்ட பாடான் வாரிசான் மலேசியா என்னும் மரபுடைமை அமைப்பு சீரமைப்பில் முக்கியப் பங்கேற்றது. அரசாங்கம் பணம் போட்டது. எச்.எஸ்.பி.சி. வங்கி பெருந்தொகையை நன்கொடையாகத் தந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய வேலை 2007-இல் நிறைவுற்றது. மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதும் கிடைத்தது. அதன் பிறகு அங்கே உணவகம் நடந்தது. கல்யாண விருந்துகளும், நன்கொடை விருந்துகளும், தேநீர் உபசரிப்புகளும் நடைபெற்றன. வயதான வீட்டிற்கு மருந்துச் செலவு அதிகம். ஒரு வீட்டைத் திருத்தியபின் பூட்டி வைத்தால் பத்து வருடத்தில் கரையான் தின்றுவிடும். ஆகையால் அது தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை.

அந்த வீடு அடையாளம் தெரியும் வகையில் மீண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1818-ஆம் ஆண்டளவில் ராபர்ட் ஸ்மித் என்ற இராணுவப் பொறியாளர் அந்த மாளிகையையும் சுற்றுப்புறத்தையும் ஓவியமாகத் தீட்டி வைத்தார். அதைப் போன்ற படங்களும் ஏடுகளும் இருந்ததால்தான் பழைய வடிவம் இன்னதென்று பிற்காலத்தவர் அறிய முடிந்தது. அக்காலத்துக் கூலிக் குடிசைகளுக்கு அப்படிப்பட்ட ஓவியர் எவரும் வரவில்லை.

நம் ஜொகூருக்கு வந்தால் கதை வேறு. இங்கேயும் முதலில் மிளகும் காம்பிரும்தான். தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில் சீன முதலாளிகளுக்கு ஆற்றுக்கு ஒரு சீட்டு என்று எழுதிக்கொடுத்துக் காடு திருத்தச் சொன்னார்கள். அந்தத் தலைவனுக்குக் காங்சூ என்று பெயர். அவனுடைய படகுத்துறைக் குடியிருப்புக்குக் கங்கார் என்று பெயர். 1917-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. மிளகுக் கொடியும் போயிற்று, காம்பிர் காய்ச்சிய கொட்டகையும் போயிற்று. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று பெயர் மட்டும் நிற்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும்?

பிறகு ரப்பர் வந்தது. 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதை நெடுகிலும் கித்தாக்காடு பரவியது. 1924-இல் ஜொகூர் பாலம் திறக்கப்பட்ட பிறகு பால் கட்டிகள் நேரே சிங்கப்பூர் துறைமுகத்திற்குப் போயின. தோட்டத்திற்குத் தோட்டம் மேட்டின் மேல் ஒரு பங்களா, பள்ளத்தில் லயம், நடுவில் பால் ஸ்டோரும் ஆபீசும், ஓரத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும். ஏன் பங்களா மேட்டில் இருக்கிறது என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். காற்றுக்காகவும் கொசுவுக்குப் பயந்தும் என்று சொன்னேன். "அப்போ கீழே இருந்தவங்களுக்குக் கொசு கடிக்காதா சார்?" என்றான். சரித்திர ஆராய்ச்சி என்பது இப்படித்தான் தொடங்குகிறது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருந்த தூரம் அடிக்கணக்கில் மட்டும் அளக்கக்கூடியதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்த காலம் அது. பெரியவர்கள் சிலருக்கு இது இன்னும் ஞாபகத்தில் இருக்கும்.

பங்களாவில் வேலை செய்த ஒரு பாட்டியிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முன்வாசல் வழியா நான் ஒருநாளும் போனதில்ல வாத்தியாரே. குசினிப் பக்கம் ஒரு கதவு இருக்கும், அதான் நமக்கு. ஆனா அந்த வீட்ல எந்தப் பலகை ஆடும், எந்தச் சன்னல் மழைக்கு மூடாதுன்னு துரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." ஒரு மாளிகையைத் திருத்தப் போகிறவர்கள் கட்டட நிபுணரை அழைப்பதோடு இப்படிப்பட்ட பாட்டிகளையும் ஒரு வார்த்தை கேட்டால் செலவு மிச்சமாகும்.

இப்போது பேராக் மாநிலத்திற்கு ஒரு நடை போய்வருவோம். பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகையைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்தவர், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தவர். காண்டிராக்ட் வேலையில் சம்பாதித்து, காட்டை வாங்கி, கிந்தா கெல்லாஸ் என்ற ரப்பர் தோட்டத்தைப் போட்டார். ஈயமும் எடுத்தார். முதலில் ஒரு வீடு கட்டினார், அது போதவில்லை. 1915-இல் கோட்டை போன்ற பெரிய மாளிகைக்கு அடிக்கல் போட்டார். லிப்ட் வைக்கத் திட்டம், மொட்டை மாடியில் டென்னிஸ் ஆடத் திட்டம். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து தருவித்தார். கொத்தனார்களைச் சென்னை மாகாணத்திலிருந்து அழைத்து வந்தார்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் ஸ்பானியக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியது. கெல்லியின் ஆட்களிடையேயும் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள், "அம்மனுக்குக் கோயில் இல்லாமல் இது தீராது" என்று துரையிடம் முறையிட்டார்கள் என்றும், அவர் ஒப்புக்கொண்டு கோயில் கட்டித் தந்தார் என்றும் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். மாளிகையிலிருந்து சிறிது தூரத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிலின் மேலே தெய்வச் சிலைகளோடு சிலையாக, வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவத்தையும் செய்து நிறுத்திவிட்டார்கள்!

கெல்லி ஸ்மித் 1926-இல் ஐரோப்பாவுக்குப் போன இடத்தில், லிஸ்பன் நகரில், நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். மாளிகை முடியவே இல்லை. மனைவி தோட்டத்தை விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்பினார். காடு மூடிக் கிடந்த கட்டடம் பிற்காலத்தில் சுற்றுலாத் தலமாயிற்று. 1999-இல் ஒரு ஆங்கில சினிமாவுக்கும் அங்கே படம் பிடித்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பேய் இருக்கிறதா, சுரங்கம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். குடியிருக்காத ஒரு மனிதனுடைய பெயரைத் தாங்கி அந்த மாளிகை நிற்கிறது. செங்கல் அடுக்கியவன் பெயர் அதில் இல்லை. ஆனால் செங்கல் அடுக்கியவன் கட்டிய கோயிலில் துரைக்கு இடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தால் என்ன தோன்றுகிறது என்று ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாமென்று இருக்கிறேன். மாளிகைக்குப் போகும் பள்ளிப் பேருந்துகள் கோயில் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பங்களாக்களை இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இருக்கட்டும். நம்மவர் சுமந்த மண், நம்மவர் குழைத்த சுண்ணாம்பு. இடித்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞர்களுக்குக் கடைவீதியும் சாப்பாட்டுக் கடைகளும்தான் தெரியும். அது பெரிய ரப்பர் தோட்டமாக இருந்த இடம் என்பதைப் பெயரைக் கொண்டு யாரால் கண்டுபிடிக்க முடியும்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் இடிபட்டால் ஒரு நாளில் மண்ணாகிவிடும். பலகையும் தகரமும்தானே! அதைக் காப்பாற்ற எந்த ஊரிலும் யாரும் மேசை போட்டு விருந்து வைக்கமாட்டார்கள்.

ஆனால் தொழிலாளர்கள் தாங்களே பணம் திரட்டித் தோட்டத்தைக் காப்பாற்றிய சரித்திரம் ஒன்று இருக்கிறது. அது நம் பாடப்புத்தகத்தில் இன்னும் பெரிய எழுத்தில் வரவேண்டியது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டாடிய இடத்தில் வேலை போயிற்று, வேலையோடு லயத்து வீடும் போயிற்று, பள்ளிக்கூடமும் மூடிற்று. ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார்.

அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். கேலி செய்தவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே, 1961-இல், கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. வாங்கியவர்கள் அதே தோட்டத்தில் வாளி தூக்கியவர்களைப் போன்ற சாதாரணத் தொழிலாளர்கள். விருந்து இல்லை, வெள்ளித்தட்டு இல்லை. சம்பள நாளன்று முந்தானையில் முடிந்து வைத்த பணம். அக்காலச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது சும்மாவா? அந்தப் பங்குச் சீட்டை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் இருக்கக்கூடும். பழைய காகிதம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காகிதம் என்றதும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1923-ஆம் ஆண்டு மலாய் மாநிலக் கூட்டமைப்பின் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. சட்டத்துக்காகக் கொட்டகை போட்டு, படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியாராக உட்கார வைத்த தோட்டங்கள் பல. எப்படியோ எழுத்து வந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல். நம் மாநிலத்தில் சுமார் 70. குறைந்துபோன பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். அந்தப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே போயின என்று நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது.

சேர்க்கைப் பதிவேடு என்றால் சாதாரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மாளிகைக்கு ஓவியம் எப்படியோ, லயத்துக்குப் பதிவேடு அப்படி. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், என்ன வேலை, எந்தப் பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் எல்லாம் இருக்கும். நம் பள்ளி அலமாரியில் உள்ள பழைய ஏட்டில் அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் படித்துப் பார்த்தேன். 'வேறு தோட்டம் சென்றனர்' என்று நிறைய. 'வேலைக்குச் சென்றான்' என்று சில. பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. 1969-ஐ ஒட்டிய பக்கங்களில் 'இந்தியா சென்றனர்' என்று அடுத்தடுத்து வருகிறது. பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டுமென்று சட்டம் வந்து, ஆயிரக்கணக்கானோர் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறிய காலம் அது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர், ஒரே தேதியில், ஒரே காரணத்தோடு விலகியிருக்கிறார்கள். எழுதிய ஆசிரியர் மூன்று முறையும் முழுசாக எழுதியிருக்கிறார். மேற்படி என்று போடவில்லை.

இந்த ஆண்டு விடுமுறையில் அந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பதென்று ஆசிரியர்கள் தீர்மானித்திருக்கிறோம். பெற்றோர்களும் தோட்டத்துப் பெரியவர்களும் தங்களிடம் உள்ள பழைய புகைப்படம், செக்ரோல் சீட்டு, கப்பல் சீட்டு, சங்கப் பங்குச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு எதுவானாலும் பிள்ளைகள் மூலம் கொடுத்தனுப்பலாம். பிரதி எடுத்துக்கொண்டு மறுநாளே பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். புகைப்படமாக இருந்தால் அதில் நிற்பவர்கள் யார் யார், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த வருடம் என்று பின்பக்கம் எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதினால் போதும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.